குறியும் நெறியும்

மாணவர்களே, கொங்கு நாட்டு மாட்டுச் சந்தைக்குச் சென்றவர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். இருவர் எதிரெதிரே நின்று கைகோத்திருப்பர்; கைகளின்மேல் ஒரு துண்டு கிடக்கும். வாய் பேசாது, முகத்தில் யாதொரு மாற்றமும் தோன்றாது. துண்டின்கீழ் விரல்கள் மட்டும் பேசும். ஒரு விரலைப் பற்றினால் ஒன்று. இரு விரலைப் பற்றினால் இரண்டு. அவ்வொன்று நூறோ ஆயிரமோ என்பது அவ்விருவருக்கே புலனாகும். சிறிது நேரத்தில் துண்டு விலகும், மாடு கைமாறும். சுற்றி நின்றவர் ஒன்றும் அறியார்.

இங்ஙனம் ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூலார் வகுத்தார். தகுதி வழக்கு மூன்றனுள் அஃது ஒன்று. இடக்கரடக்கலும் மங்கலமும் ஏனைய இரண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் இதற்குக் காட்டப்பெறும் எடுத்துக்காட்டுகள். துண்டின்கீழ் நிகழ்வது சொல்லன்று, விரற்குறி; ஆயினும் இரண்டன் இயல்பும் ஒன்றே. நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்பது நம் நாட்டார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அவர் ஊராகிய சனகை மைசூர்ப் பக்கத்தது என்பாரும் உளர். அவ்வழக்கு எங்ஙனம் முடியினும், நம் சந்தைக் கூச்சலைக் கேட்டவரே குழூஉக்குறிக்கு இலக்கணம் வகுத்தார் என்று எண்ணுவதில் எனக்கு ஓர் இன்பம் உண்டு.

ஆங்கிலத்தில் 'கோட்' என்றொரு சொல் உளது. தந்தியடிக்கும் குறிக்கும், பகைவர் அறியாதவாறு எழுதும் மறைகுறிக்கும், கணினிக்கு இடும் கட்டளைக்கும், நாட்டின் சட்டத் தொகுப்புக்கும் அம்மொழியில் இவ்வொரு சொல்லே பெயர். இதன் மூலம் இலத்தீன் மொழியின் 'கோடெக்ஸ்' என்பது. முதலில் அது மரத்தின் அடிப்பகுதியைக் குறித்தது. பின்னர் எழுதும் மரப்பலகையையும், அதன்பின் ஏட்டையும் குறித்தது. உரோமப் பேரரசன் ஜஸ்டினியன் 529ஆம் ஆண்டில் தன் நாட்டுச் சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட நூலும் இப்பெயரே பெற்றது. நம் மொழியிலும் 'கோடு' என்னும் சொல்லுக்கு மரக்கிளை என்பது ஒரு பொருள். இவ்வொப்புமை கண்டு மகிழ்ந்து உறவு கொண்டாடப் புகுதல் வேண்டா. ஒலி ஒத்தவையெல்லாம் ஒரு குடிப் பிறந்தவை அல்ல. ஆங்கிலம் ஒரு சொல்லால் சுட்டுவதைத் தமிழ் குறி, குறியீடு, நிரல், நெறி, சட்டம் எனப் பிரித்துச் சுட்டுகிறது. இப்பிரிவு நமக்குப் பயன்தருவது.

இவற்றுள் தந்திக்குறி மிக எளியது. அமெரிக்க நாட்டில் 1844ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸ் என்பார் அனுப்பிய செய்தி புள்ளியும் கோடுமாகவே சென்றது. நம் நாட்டில் தந்திப் பணி 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறுத்தப்பெற்றது. உங்களுள் பலர் தந்தியைக் கண்டிரீர்.

கணினி நிரலின் முன்னோடியையோ சென்னிமலையிற் காணலாம். அங்குப் பூவேலைப்பாடமைந்த போர்வைகளை நெய்யும் தறிகளில், மேலே ஜக்கார்டு என்னும் பெட்டி அமைந்திருக்கும். அதில் துளையிட்ட அட்டைகள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். அட்டையில் துளையுள்ள இடத்திற்குரிய பாவு நூல் மேலெழும். துளையில்லாத இடத்து நூல் எழாது. அவ்விடைவெளியில் ஊடை நூல் ஓடும்; அடுத்த அட்டை வந்து நிற்கும். துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே செய்திகளால் மயிலும் மலரும் துணியில் தோன்றும். பிரெஞ்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜக்கார்டு இப்பொறியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். அதனைக் கண்ட ஆங்கிலேயர் பாபேஜ், தாம் எண்ணிய கணிப்பொறிக்கும் துளையட்டைகளையே மேற்கொண்டார். அப்பொறி எவ்வாறு கணக்கிடும் என்பதை ஏடா லவ்லேஸ் என்னும் அம்மையார் 1843இல் விளக்கி எழுதினார். இற்றைக் கணினி அறியும் ஒன்றும் சுழியும் அத்துளையும் துளையின்மையுமே எனலாம். பாயிரத்துள் நன்னூலார் நூலைப் பஞ்சிலிருந்து நூற்கும் இழையோடு ஒப்பிட்டு, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் உருவகித்தார். சென்னிமலை நெசவாளரின் அட்டைத் தொடரைக் காணின் அவர் மற்றோர் உருவகமும் கண்டிருப்பார்.

கணினியில் தமிழ் எழுதப் புகுந்த நாளில் நேர்ந்த குழப்பமும் குறியால் வந்ததே. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீடு கொண்டிருந்தது. ஓரிடத்தில் எழுதிய மடல் வேறோரிடத்தில் திறக்கப்படின் பொருளற்ற எழுத்துகளாய்ச் சிதறும். ஒரே தமிழைப் பேசுவோர் தனித்தனிக் குழுக்களாயினர். உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக அமைந்த ஒருங்குகுறியைத் தமிழ்நாட்டரசு 2010இல் தரமாக ஏற்றது; அவ்வாண்டில்தான் கோவையில் செம்மொழி மாநாடு நடைபெற்றது. இன்று உங்கள் கைப்பேசியில் எழுதும் சொல் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அச்சொல்லாகவே தோன்றுகிறது.

ஆதலின் ஒரு குறியைக் கண்டவிடத்து, அது யாருக்குப் புரிகிறது, யாருக்குப் புரியவில்லை என்பதையே முதலில் வினவுதல் வேண்டும். இவ்வினாவை எனக்குக் கற்பித்தவர் ஆசிரியரல்லர். நான் சிறுவனாயிருந்தபோது எம் தந்தையார் ஓரிணைக் காளைகளைச் சந்தையில் விற்றார். தரகர் ஒருவர் துண்டின்கீழ் விலைபேசி முடித்தார். "எவ்வளவுங்க?" என்று தந்தையார் கேட்டார். தரகர் ஒரு தொகையைச் சொல்லிப் பணத்தைக் கையில் வைத்தார். வாங்கியவர் வேறொரு தொகை கொடுத்திருந்தார் என்பது மறுவாரமே எமக்குத் தெரிந்தது. அவ்வேறுபாடு, எம் வீட்டில் ஆறு திங்களுக்கு வேண்டிய தவசத்தின் விலை. உழுதவரும் வளர்த்தவரும் அவர்; விலையை அறியாதவரும் அவரே.

மறைகுறியெல்லாம் தீது என்பது என் கருத்தன்று. வங்கிக்கு நாம் அனுப்பும் பணச் செய்தி மறைகுறியாய்ச் செல்லாவிடின் கள்வர்க்கு வாய்ப்பாகும். நோயாளியின் குறை ஊரறியப் பேசத் தக்கதன்று. ஆனால் பலருடைய வாழ்வைக் கட்டும் விதி துண்டின்கீழ் இருத்தல் ஆகாது. பெருந்துறைக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் கொப்பரை ஏலம் நடப்பதைக் காண்க. விலை அங்கு வெளிப்படையாக அறிவிக்கப்படும். விளைவித்தவரும் அதனை அறிவார்.

பண்டைய அரசர் சிலர் இதனை உணர்ந்திருந்தனர். பாபிலோனிய வேந்தன் அம்முராபியின் சட்டங்கள் ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்னர் ஆளுயரத்திற்கு மேற்பட்ட கருங்கல்லில் வெட்டப்பட்டன. 1901இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அக்கல் இன்று பாரிசு நகரில் உள்ளது. அச்சட்டங்களுட் சில கொடியவை. கண்ணுக்குக் கண் என்னும் முறையும், அடிமைக்கு ஒரு நீதி, உரியவனுக்கு ஒரு நீதி என்னும் வேற்றுமையும் அவற்றுள் உண்டு. கல்லில் நின்றமையால் அக்கொடுமையையும் நாம் அறிகிறோம். நம் உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்தெடுக்கும் நெறியைக் கூறுகின்றன. நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராதல் வேண்டும். வயது வரம்பும் உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர். அந்நாளில் மகளிர்க்கும் நிலமற்றவர்க்கும் அங்கு இடமில்லை. ஆயினும் ஊர் நடுவே கோயிற் சுவரில் அவ்விதி எழுதப்பெற்றிருந்தது.

இந்நாட்டுத் தண்டனைச் சட்டம் 1837இல் மெக்காலே தலைமையில் வரையப்பெற்று, 1860இல் இயற்றப்பட்டு, 1862 முதல் நடைமுறையில் இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் அதனிடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா பெற்றது. சட்டம் மாறியது, பெயரே நம் மாணவர்க்கு உரை வேண்டுவதாய் அமைந்தது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகிறது. உயர்நீதிமன்ற நடவடிக்கையோ அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. அங்கும் தமிழ் வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது, அது நிறைவேறவில்லை. பல மாநிலத்து நீதிபதிகள் அமரும் மன்றத்தில் பொதுமொழி வேண்டுமன்றோ என்பர். அவ்வருமையை நான் மறுக்கவில்லை. மொழிபெயர்ப்பாளரை அமர்த்தித் தீர்க்கத்தக்க அருமை அது. ஒரு குடியானவர் தம் நிலத்தைப் பற்றிய வழக்கில் மன்றத்தில் நாள்முழுதும் இருந்து, மாலையில் வெளியே வந்து, தம் வழக்கறிஞரை நோக்கி, "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்கும் நிலையை எவ்வருமை கூறியும் நியாயம் என்று நான் ஒப்பமாட்டேன்.