தண்டவாளம் மட்டுமா போனது?

குண்டளை ரயிலைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் பெருமூச்சு விடுகிறார்கள். 1902இல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம். 1908இல் இரண்டடி அகலப் பாதையும் நீராவி என்ஜினும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும் தேயிலைப் பெட்டிகள். பிறகு போடி, தூத்துக்குடி, கப்பல். 1924 ஜூலையில் வந்த வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்', பாதையை வாரிக்கொண்டு போனது. யாரும் திரும்பக் கட்டவில்லை. இன்று டாப் ஸ்டேஷன் பேருக்குத்தான் ஸ்டேஷன். மேகம் பார்க்கப் போகும் இடம்.

சரி, அந்தப் பெட்டிகளை நிரப்பியது யார்?

கங்காணி அழைத்துப்போன தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். கொழுந்து பறித்த கை அவர்களுடையது. ரயில் போனதற்கு இரங்குகிற வரலாறு, அவர்களைக் 'கூலிகள்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்குக் கிடைத்த மரியாதை கூடை சுமந்தவளுக்கு எங்கே?

இரணியல்காரிக்கு மூணாறு எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் ஒரே திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1இல் எங்கள் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அந்த எல்லைச் சண்டையிலும் தோட்டத்துப் பெண் வெறும் தலைக்கணக்குத்தான். எங்கள் தென்திருவிதாங்கூர்ப் பெண்கள் அடிபட்டு, துணி கிழிபட்டு வாங்கிய மேலாடை உரிமையும் 1859ஆம் ஆண்டு அரசாணையாக, திவான்கள், பாதிரிமார் கதையாகத்தானே பாடத்தில் வருகிறது?

ரயில் அழிந்தது, வேலை அழியவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று தெருவில் உட்கார்ந்தபோது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், 500 ரூபாய் கூலி கேட்டார்கள். தங்கள் பேரில் பேரம் பேசிவந்த ஆண் சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. போனஸ் கிடைத்தது, கூலி 301 ரூபாயில் நின்றது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய 70 பேரை மூடியது.

1924இல் மலை வாரிக்கொண்டது கம்பெனியின் தண்டவாளம் என்பதால் அது வரலாறு. 2020இல் மூடியது லய வீடுகள் என்பதால் அது விபத்துச் செய்தி. இந்தக் கணக்கை யார் எழுதினார்கள்?

கல்லூரிச் சுற்றுலாவுக்கு மூணாறு போகும் மாணவிகளே, அந்தச் சக்கரத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவிடம், அவள் பாட்டி எந்த ஊரிலிருந்து மலையேறினாள் என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள்.