லூசியோஸ் பள்ளத்தாக்கின் ஊரும் மடாலயங்களும்

கிரீஸ் நாட்டின் தெற்கே, பெலொபொன்னீஸ் தீபகற்பத்தின் நடுப்பகுதியில் ஆர்க்காடியா மலைநாடு இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தில் மலைமுகட்டை ஒட்டி அமைந்த கிராமம் திமித்சானா. ஏதென்ஸிலிருந்து சாலைவழியே 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஊருக்குக் கீழே லூசியோஸ் ஆறு மலையைக் குடைந்து ஆழமான பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. அதன் செங்குத்துப் பாறைகளில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பழைய மடாலயங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஊரையும் மடாலயங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டும் விளங்கும்.

திமித்சானாவின் வீடுகள் குறுகிய அகலமும் நல்ல உயரமும் கொண்ட கல்வீடுகள். கூரை ஓடு வேய்ந்தது. சரிவான நிலம் என்பதால் தெருக்கள் பலவும் கல் பாவிய படிகளாகவே ஏறி இறங்குகின்றன. தேவ்திஸ் என்ற பண்டைய நகரம் இருந்த இடத்தின் மேலேயே இன்றைய ஊர் எழுந்தது. அந்தப் பண்டைய நகரின் மதில் பெருங்கற்களை இப்போதும் அங்கங்கே காணலாம்.

ஊரை வளர்த்தது தண்ணீர். ஊருக்கு வெளியே, ஊற்றுநீர் ஓடி இறங்கும் சரிவில், 1997இல் திறந்தவெளி நீராற்றல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. கம்பளித் துணிகளைச் சுழலும் நீரில் இட்டு அடர்த்தியாக்கும் தொட்டி, மாவு அரைக்கும் ஆலை, தோல் பதனிடும் கூடம், வெடிமருந்து இடிக்கும் ஆலை ஆகியவற்றைப் பழுதுபார்த்து ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். வெடிமருந்து ஆலையில் நீர்ச்சக்கரம் சுழலும்போது அதன் அச்சு உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. உரல்களில் இட்ட வெடியுப்பும் கரியும் கந்தகமும் இடிபட்டுக் கலக்கின்றன. எரிபொருள் ஏதும் இன்றி இத்தனை தொழில்களை நடத்திய ஊரின் திறமையை இங்கே கண்ணால் காணலாம்.

இந்தத் திறமைதான் திமித்சானாவை வரலாற்றில் நிறுத்தியது. ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக 1821இல் விடுதலைப் போர் மூண்டபோது இங்கே 14 வெடிமருந்து ஆலைகள் இயங்கின. ஸ்பிலியோதோபூலோஸ் சகோதரர்கள் முன்னின்று நடத்திய இந்த வேலை, போராளிகளுக்கு இடைவிடாமல் வெடிமருந்து கிடைக்கச் செய்தது. துப்பாக்கித் தோட்டாக்களைச் சுற்றக் காகிதம் போதாமல் போனது. அப்போது ஊர்ப் பள்ளி நூலகத்தின் புத்தகங்களைக் கிழித்துப் பயன்படுத்தினார்கள். அறிவைப் போற்றிய ஓர் ஊருக்கு அது எளிய தியாகமாக இருந்திருக்க முடியாது.

அந்தப் பள்ளியை 1764இல் நிறுவியவர்கள் துறவிகள். கிரேக்க எழுத்தும் சமயக் கல்வியும் மடாலயங்களை அண்டியே பிழைத்திருந்த காலம் அது. இந்த ஊரில் பிறந்தவர்களில் இருவர் கிரேக்கர் அனைவரும் அறிந்த பெயர்கள். ஒருவர், பத்ராஸ் நகரின் பேராயர் கெர்மானோஸ். 1821 மார்ச் 25 அன்று அகியா லாவ்ரா மடாலயத்தில் விடுதலைக் கொடியை உயர்த்தியவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. மற்றவர், கான்ஸ்டான்டினோபிளின் மறைமுதுவராக மூன்று முறை பதவி வகித்த ஐந்தாம் கிரிகோரியோஸ். போர் தொடங்கிய சில வாரங்களில், 1821 ஈஸ்டர் ஞாயிறன்று, மறைமுதுவர் மாளிகையின் வாயிலிலேயே அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த வாயிற்கதவு அன்று முதல் மூடியே கிடக்கிறது. திமித்சானாவில் அவருடைய வீடு இன்று திருச்சபை அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஊரிலிருந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும் நடைபாதை, மைனாலோன் மலைப்பாதையின் ஒரு பகுதி. ஸ்டெம்னித்சாவில் தொடங்கி லங்காதியாவில் முடியும் 75 கிலோமீட்டர் பாதை இது. 2015இல் ஐரோப்பிய நடைபயணச் சங்கத்தின் தரச்சான்று பெற்றது. கீழே ஓடும் லூசியோஸ் ஆற்றில்தான் கிரேக்கத் தெய்வமான சீயஸைப் பிறந்த குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டினார்கள் என்பது பழைய கதை. இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பௌசானியாஸ் அந்தக் கதையைப் பதிவு செய்ததோடு, இந்த ஆற்று நீரைப் போல் குளிர்ந்த நீர் வேறெங்கும் இல்லை என்றும் எழுதினார்.

பாறைக் குகை ஒன்றினுள் நிற்கிறது பழைய ஃபிலோசோஃபு மடாலயம். அதை 963இல் நிறுவியவர் பைசாந்தியப் பேரரசர் நிகெஃபோரோஸ் ஃபோகாஸின் செயலாளராக இருந்த யோவான்னிஸ் லம்பார்தோபூலோஸ். 'தத்துவஞானி' என்று அவருக்கு வழங்கிய பட்டமே மடாலயத்தின் பெயராயிற்று. இப்போது சிதைந்த சுவர்களும் சிறு கோயிலுமே எஞ்சியிருக்கின்றன. அருகிலேயே பின்னாளில் எழுந்த புதிய ஃபிலோசோஃபுவின் கோயிலில் சுவரோவியங்களைக் காணலாம்.

எதிர்க்கரையில், ஸ்டெம்னித்சா ஊரின் பக்கமாக இருப்பது திருமுழுக்கு யோவானின் பெயரால் அமைந்த பிரோத்ரோமு மடாலயம். தொங்கும் பாறைக்கு அடியில் கட்டிய அறைகளும் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிய மரமாடங்களும் அதன் அடையாளம். துறவிகள் இன்றும் இங்கே வாழ்ந்து வழிபடுகிறார்கள். வழிபாட்டில் இசைக்கருவி எதுவும் கிடையாது. மனிதக் குரல் மட்டுமே. வருகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றித் திருவுருவங்களை முத்தமிடுகிறார்கள். விருந்தினருக்குக் குளிர்ந்த நீரும் லூக்குமி என்ற இனிப்பும் தருவது கிரேக்க மடாலயங்களின் வழக்கம்.

ஆற்றோடு இன்னும் கீழே போனால் கோர்திஸ் என்ற பண்டைய நகரின் இடிபாடுகள் வரும். நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்க்லேபியோஸின் கோயிலும் வட்ட வடிவக் குளியல் கூடமும் இங்கே இருந்தன. அலெக்சாண்டர் தம் மார்புக் கவசத்தையும் ஈட்டியையும் இக்கோயிலுக்குக் காணிக்கையாக்கினார் என்று ஊரார் சொன்னதை பௌசானியாஸ் குறித்துள்ளார்.

செல்ல விரும்புவோர் வசந்தகாலத்தையோ இலையுதிர் காலத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது. கோடையில் பாதை சுடும், குளிர்காலத்தில் பனி விழும். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். நண்பகலில் மடாலயக் கதவுகளைச் சாத்துவது வழக்கம் என்பதால் காலையிலேயே புறப்பட வேண்டும். கோயிலுக்குள் படம் எடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். வண்டியிலிருந்து இறங்கி ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர் பள்ளத்தாக்கின் அழகை மட்டுமே பார்ப்பார். நீராலைகளைப் பார்த்துவிட்டு மடாலயங்கள் வரை நடந்தே செல்பவருக்குத்தான் ஒரு சிறிய மலைக்கிராமம் ஒரு நாட்டின் விடுதலைக்குக் கல்வியையும் வெடிமருந்தையும் எப்படிக் கொடுத்தது என்பது புரியும்.