துக்கம் விசாரித்தால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

குடிப்பது தீது என்று கூறுவதற்காக இக்கட்டுரையை நான் எழுதவில்லை. வள்ளுவப் பெருந்தகை ‘கள்ளுண்ணாமை’ என்று தனி அதிகாரமே வகுத்து அதைச் சொல்லிவிட்டார். குடித்தவன் குடும்பம் கெடுவது ஒருபுறம் இருக்கட்டும். குடித்தவன் ஓட்டிய வண்டி மோதி, குடிக்காதவன் குடும்பம் கெடுகிறதே! அந்தக் குடும்பத்திற்குத் துணை யார்? இதுவே என் கேள்வி.

சாலையில் ஒருவர் அடிபட்டு இறந்தால், ‘எல்லாம் விதி’ என்று சொல்லிவிடுகிறோம். விதியா அது? வேதியியல் படிக்கும் நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். எத்தில் ஆல்கஹால் குருதியில் கலந்து மூளையை அடைகிறது. கண் கண்டதற்குக் கை இயங்க வேண்டிய வேகத்தைக் குறைக்கிறது. மூச்சில் கலந்தும் வெளிவருகிறது. ஆரஞ்சு நிற டைகுரோமேட்டை அது பச்சையாக்கும் வினையைக் கொண்டே பழைய மூச்சுச் சோதனைக் கருவிகள் அமைந்தன. 100 மில்லி குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வகுத்தது. அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை, தடுத்து நிறுத்தக்கூடிய ஒன்றை, விதி என்று அழைப்பது எவ்வகையில் நியாயம்?

விதி என்று சொல்ல மறுத்த தாய் ஒருத்தி அமெரிக்காவில் இருந்தார். 1980ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியா மாநிலத்தில், சாலையோரம் நடந்து சென்ற பதின்மூன்று வயதுச் சிறுமியைக் குடிபோதையில் ஒருவன் காரால் மோதிக் கொன்றான். முன்னரே இதே குற்றத்திற்காகப் பிடிபட்டவன்; சில நாட்களுக்கு முன்புதான் பிணையில் வெளிவந்தவன். அச்சிறுமியின் தாய் கேண்டி லைட்னர், அதே ஆண்டில் குடித்து வண்டி ஓட்டுவோரை எதிர்க்கும் அன்னையர் அமைப்பைத் தொடங்கினார். அத்தகைய அமைப்புகள் எழுப்பிய குரலின் விளைவாக, மது வாங்குவதற்கான வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைக்கும் சட்டம் 1984இல் நிறைவேறியது. 1982இல் அந்நாட்டில் போதை ஓட்டிகளால் நேர்ந்த சாவு ஏறத்தாழ 21,000. 2022இல் அது 13,500 அளவில் இருந்தது. இன்னும் மிகுதிதான், ஆனால் விதி இவ்வாறு குறையுமா?

சட்டம் கேட்டதோடு அவ்வன்னையர் நின்றுவிடவில்லை. உறவை இழந்தவர்களுடன் வழக்கு மன்றம் வரை செல்கிறார்கள்; உடன் அமர்கிறார்கள்; விசாரணை எப்படி நடக்கும் என்று விளக்குகிறார்கள். நான் பெரிதாகப் போற்றுவது இப்பணியைத்தான்.

நம் நாட்டிலும் குடிமக்கள் போராடாமல் இல்லை. 1996இல் நேர்ந்த கார் விபத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்ட சண்டிகர் ஹர்மன் சித்து, நெடுஞ்சாலை மதுக்கடைகளை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். தமிழ்நாட்டில் வழக்கறிஞர் கே. பாலு தொடுத்தார். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சிற்றூர்ப் பகுதிகளுக்கு அத்தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் கிடைத்தது. பெற்ற வெற்றியைக் காக்கவும் மக்கள் விழித்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கொத்து வேலை முடிந்து சைக்கிளில் திரும்பிய என் சித்தப்பாவைப் போதையில் வந்த ஒரு காரோட்டி மோதியதில், அவர் ஒரு காலை இழந்தார். ஊரே வந்து துக்கம் விசாரித்தது. மறுவாரம் யாரும் இல்லை. முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், இழப்பீட்டு மனு என்று தாள்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. மூன்றில் ஒரு பங்கு தந்தால் எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக ஒரு தரகரும் வந்தார். “தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா. அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்” என்றார் சித்தி. நான் படித்துச் சொன்னேன். தரகர் திரும்பிப் போனார். படித்துச் சொல்ல ஆளில்லாத வீடுகளில் அவர் திரும்பியிருப்பாரா?

அந்த வீடுகளுக்குத் தெரிய வேண்டியவை சிலவே. இழப்பீடு கேட்க மோட்டார் வாகன விபத்து உரிமைகோரல் தீர்ப்பாயம் இருக்கிறது. காலம் தாழ்த்தாமல் மனு தர வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மோதிய வண்டி எதுவென்று தெரியாமலே போனாலும், இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் வழங்கும் திட்டம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைத் துன்புறுத்தக் கூடாது என்பதும் சட்டமாகிவிட்டது. இவையெல்லாம் தாளில் உறங்குகின்றன. எழுப்பப் படித்தவன் வேண்டும்.

‘படிப்பதுதானே மாணவர் கடமை, இதெல்லாம் எதற்கு?’ எனச் சிலர் கேட்கலாம். ஓர் ஏழைக்கு வந்த தாளைப் படித்துச் சொல்வதும் படிப்புத்தான். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை நடத்தும் நம் மாநில அரசு, அவ்வருவாயில் ஒரு சிறு பங்கைப் போதை ஓட்டிகளால் நிலைகுலைந்த குடும்பங்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஐந்து பேர் முன்வந்தால் போதும். வாரம் ஒரு நாள் மாலை, தாள்களைப் படித்துச் சொல்லவும், மனு எழுதவும், தீர்ப்பாயத்திற்கு உடன் செல்லவும் ஓர் உதவி மேசை அமைக்கலாம். சட்டம் அறிந்த ஒருவரை அழைத்து எங்களுக்குப் பயிற்சி தரப் பேராசிரியப் பெருமக்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

தோழர்களே! சாவு வீட்டிற்குச் சென்று இரண்டு சொல் கூறித் திரும்புவது நம் பண்பாடு. அதை விட வேண்டாம். ஆனால் அடுத்த முறை செல்லும்போது ஒரு பேனாவையும் எடுத்துச் செல்வோம். பத்து நாள் கழித்து மீண்டும் செல்வோம்!