யாரை எங்கே நிறுத்துவது?

பத்துக்கு எட்டு அடி ஃபிளெக்ஸ். ஏப்ரல் 14க்கு எங்கள் தெருப் பையன்கள் காசு போட்டு அடித்தது. வடிவமைத்தவனும் எங்கள் பையன்தான். டவுனில் ஒரு டிசைன் கடையில் நாலு வருசமாக உட்கார்ந்திருக்கிறான். கை அவ்வளவு வேகம். ஒரு தலையை வெட்டி இன்னொரு உடம்பில் வைத்து, ஓரத்தில் பிசிறு தெரியாமல் தேய்த்து முடிக்க அவனுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அந்தப் பேனரில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு வட்டாரப் பிரமுகர் ஒருவர் கருப்புக் கண்ணாடியோடு கும்பிடுகிறார். கீழே பாஸ்போர்ட் சைசில் முப்பத்திரண்டு தலைகள். யாருக்குப் பிறந்தநாளோ அவர், அம்பேத்கர், இடது மேல் மூலையில் தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏன்டா தம்பி, அவர ஏன் அந்த மூலையில வச்ச?"

"டெம்ப்ளேட்டு அப்பிடித்தாண்ணா இருக்கு. மேல தலைவரு, நடுவுல ஆளு, கீழ பசங்க. நாங்க மூஞ்சிய மட்டும் மாத்துவோம்."

அவனைத் திட்டி என்ன பிரயோசனம்? ஒரு நாளைக்குப் பத்துப் படம் நகர்த்துகிறவனுக்கு, எதை எங்கே வைப்பது என்பது ஒரு ஆள் யோசித்து எடுக்கிற முடிவு என்று யாருமே சொல்லித்தரவில்லை. வட்டிக்குக் கடன் வாங்கி அவன் அம்மா சேர்த்துவிட்ட மூன்று மாதக் கோர்ஸில் ஃபோட்டோஷாப், கோரல்டிரா இரண்டிலும் எந்த மெனுவில் எந்தப் பொத்தான் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கம்போசிஷன் என்கிற சொல்லையே அவன் கேள்விப்பட்டதில்லை. படத்துக்குள் ஆட்களையும் பொருட்களையும் வெற்றிடத்தையும் எப்படி நிறுத்துவது என்கிற கட்டமைப்புப் பாடம் காசு அதிகம் கட்டிப் படிக்கிற கல்லூரிகளில் இருக்கிறது. அங்கே படித்தவர் டிசைனர். இங்கே படித்தவன் ஆபரேட்டர். தலை வேலை ஒருத்தனுக்கு, கை வேலை ஒருத்தனுக்கு. இந்தப் பாகுபாட்டைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மையம், விளிம்பு என்று நாம் பேசிப் பேசி வாய் ஓய்ந்துவிட்டது. ஆனால் நிஜமாகவே ஒரு மையமும் நாலு விளிம்பும் உள்ள ஒரு வெள்ளைச் சதுரத்தைத் திரையில் திறந்து நம் பிள்ளைகள் முன்னால் வைத்து, "இதுல யார எங்க நிறுத்துவ?" என்று கேட்டிருக்கிறோமா? இரண்டு வருசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் படிப்பகத்தில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் ஓவியன் இல்லை. கவிதை எழுதுகிற குமாஸ்தா. சிறுபத்திரிகைக்கு அட்டை செய்ய ஆள் கிடைக்காமல் நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பேனா டேப்லெட் ஒன்று, காசில்லாமல் கிடைக்கிற கிரிட்டா மென்பொருள். இவ்வளவுதான் மூலதனம்.

இணையத்தில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றனவே என்பார்கள். பார்த்தேன். முக்கால்வாசி ஆங்கிலம். எல்லாரும் முதலில் சொல்வது மூன்றில் ஒரு பங்கு விதி. படத்தைக் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டு ஒன்பது கட்டமாக்கு, கோடுகள் வெட்டுகிற இடத்தில் முக்கியமானதை வை. இன்று போன் கேமராவிலேயே அந்தக் கோடு வருகிறது. ஏதோ இயற்கையே வகுத்த சட்டம் போலச் சொல்கிறார்கள். 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்கிற ஆங்கிலேயச் சித்திரக்காரர் நாட்டுப்புறக் காட்சிகளை வரைவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் நிலமும் வானமும், வெளிச்சமும் இருட்டும் எந்த விகிதத்தில் இருந்தால் கண்ணுக்கு இதம் என்று அவர் சொன்ன யோசனைக்கு வைத்த பெயர் அது. ஒரு மனிதர் சொன்ன யோசனை. பயன்படும்போது எடுத்துக்கொள்ளலாம், நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்தில் யாரை வைப்பது என்று கட்டம் சொல்லாது. இன்னும் சிலர் செத்துப்போன ஓவியர்களின் படங்கள் மேலெல்லாம் நத்தைக்கூடு மாதிரிச் சுருளை வரைந்து தங்க விகிதம் என்கிறார்கள். சுருளைப் பெரிசும் சிறிசுமாக இழுத்தால் எந்தப் படத்திலும் எங்கேயாவது பொருந்தத்தான் செய்யும். அட போங்கய்யா.

எங்கள் வகுப்பில் முதல் பாடம் மில்லேயின் படம். 1857இல் அவர் வரைந்த கதிர் பொறுக்கும் பெண்கள். அறுப்பு முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள் குனிந்து சிந்திய கதிரைப் பொறுக்குகிறார்கள். தூரத்தில் வெளிச்சத்தில் போர் போராக விளைச்சல், வண்டி, கூலியாட்கள். வலது பக்கம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குதிரைமேல் ஒரு கங்காணி. இதைத் திரையில் பெரிசாகப் போட்டதும் பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பெண் சொன்னாள்: "எங்க ஆயாவும் இப்பிடித்தாண்ணா பொறுக்குவாங்களாம்." மில்லே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பெண்களைப் படத்தின் முன்னால், பெரிசாக, நடுவில் நிறுத்தினார். கங்காணியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தள்ளினார். பாரிஸ் கண்காட்சிக்கு அது வந்தபோது பழமைவாத விமர்சகர்களுக்கு எரிந்தது. நிஜ வயலில் நடப்பதைப் படச்சட்டத்துக்குள் தலைகீழாக நிறுத்திவிட்டாரே.

இனிமேல்தான் கம்ப்யூட்டருக்கு வேலை. அருங்காட்சியகத்தில் தொங்குகிற படத்தை நாம் தொடக்கூட முடியாது. திரையில் பிரித்தே போடலாம். பிள்ளைகள் படத்தை நகல் எடுத்து ஒவ்வொரு ஆளையும் வெட்டித் தனித்தனி லேயராக்கினார்கள். ஒருத்தன் கங்காணியைப் பெரிசாக்கி முன்னால் கொண்டுவந்தான். உடனே அது பெண்களை விரட்டுகிற படமாகிவிட்டது. ஆயா கதை சொன்ன பெண் வேறொன்று செய்தாள். தொடுவானத்தை இறக்கினாள். மூலப் படத்தில் தொடுவானக் கோடு உயரத்தில் இருக்கிறது. குனிந்த பெண்கள் கிட்டத்தட்ட முழுக்க மண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறார்கள். கோடு இறங்கியதும் அவர்கள் முதுகுக்கும் தலைக்கும் பின்னால் வானம் வந்துவிட்டது. ஆட்களை அவள் தொடவே இல்லை. ஆனாலும் மலை மாதிரி எழுந்து நின்றார்கள்.

"அண்ணா, வானத்த எறக்குனா இவங்க நிமுந்துட்டாங்க."

பையன் ஒருத்தன் மறுத்தான். "அப்ப அவங்க மேல இருந்த பாரம் எங்க போச்சி? வலியே தெரியலியே." ஒரு மணி நேரம் சண்டை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பாரத்தைக் காட்ட வேண்டுமானால் கோட்டை ஏற்று, எழுச்சியைக் காட்ட வேண்டுமானால் இறக்கு. எதைக் காட்ட வேண்டும் என்பது வரைகிறவர் முடிவு. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டதை எந்த ஒன்பது கட்டமும் கற்றுத்தந்திருக்காது.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைக்கும் தோழர்களுக்கு 2012ஐ நினைவூட்டுகிறேன். பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகத்தில் 2006 முதல் இருந்த, சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரம். அரசியல் சட்டம் என்கிற நத்தைமேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சாட்டையை ஓங்கி நிற்கிறார். சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தபோது படித்தவர்கள் நமக்குப் பாடம் நடத்தினார்கள். சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கர் கையிலும்தான் சாட்டை இருக்கிறது, உங்களுக்குக் கார்ட்டூன் படிக்கத் தெரியவில்லை என்றார்கள். நான் அந்தப் படத்தில் எழுத்தையெல்லாம் அழித்து, ஆட்களைக் கருப்பு நிழலாக நிரப்பிப் பிள்ளைகளிடம் காட்டினேன். யார் எவர் என்று சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டேன். "பின்னால நிக்கிறவரு முன்னால இருக்கிறவர அடிக்கப் போறாரு." வரைந்தவர் நெஞ்சில் என்ன இருந்தது என்பது வேறு விசயம். ஆனால் நிற்கிறவன், உட்கார்ந்தவன், முன்னால், பின்னால், ஓங்கிய கை என்பதெல்லாம் எழுத்தைப் படிக்கும் முன்பே கண்ணுக்குள் போய்விடுகிறது. நாம் படிக்கத் தெரியாமல் கோபப்படவில்லை. படித்துத்தான் கோபப்பட்டோம். அதைக் கட்டமைப்பின் மொழியில் எடுத்துச் சொல்ல நம்மிடம் அன்றைக்கு ஆள் போதவில்லை என்பது என் வருத்தம்.

நம் பக்கத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. கட்டமைப்பு, சமநிலை, வெற்றிடம் என்றெல்லாம் பேசினால் அது மேல்சாதி அழகியல், நமக்குக் கோபம் போதும், கலகம் போதும் என்கிறார்கள். கோபத்தோடு வரைந்த எத்தனையோ படங்கள் சங்கிலி, தீ, முஷ்டி, இரத்தம் என எல்லாவற்றையும் ஒரே அளவில் கொட்டிவிட்டு, எதையும் பார்க்க விடாமல் நிற்கின்றன. அமெரிக்கக் கருப்பரான ஜேக்கப் லாரன்சுக்குக் கோபம் இல்லையா? தெற்கின் நிறவெறிக்குத் தப்பி வடக்குக்குப் போன தன் மக்களின் கதையை 1940-41இல் அறுபது சின்னப் பலகைகளில் வரைந்தார். முடிக்கும்போது வயது 23. அவர் கலை கற்றது ஹார்லெமில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்த அக்கம்பக்கத்துப் பட்டறைகளில். அறுபது பலகைகளையும் ஒன்றாகப் பரப்பி, ஒரு நிறத்தை எடுத்தால் எல்லாப் பலகையிலும் அந்த நிறத்தைப் பூசி முடித்துவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போவாராம். முதல் பலகையில் ரயில் ஏறப் போகும் கூட்டம். மூக்கு முழி என்று தனியாக எதையும் நுணுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டம் நகர்வது தெரிகிறது. நாங்கள் இதைக் கிரிட்டாவில் செய்து பார்த்தோம். ஒரே கோப்பில் ஆறு சின்னக் கட்டங்கள், மூன்றே நிறங்கள், ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகும் கதை.

கற்றுக்கொடுப்பதில் எனக்கு வந்த பெரிய தொல்லை ஜூம். காகிதத்தில் வரைகிறவன் கண்ணில் நாலு ஓரமும் எப்போதும் பட்டுக்கொண்டிருக்கும். திரையில் அப்படி இல்லை. ஒரு பையன் அம்பேத்கரின் மூக்குக்கண்ணாடியை நானூறு சதவீதத்தில் வைத்து மூன்று ஞாயிறு வரைந்தான். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம்கூட விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் தலை மேல் ஓரத்தில் இடித்துக்கொண்டு, கீழே பாதிப் படம் ஒன்றுமில்லாமல் கிடக்கிறது. அன்று முதல் எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள். முதல் ஒரு மணி நேரம் ஜூமைத் தொடக்கூடாது. தீப்பெட்டி அளவில் ஆறு படம், கருப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும். ஆறும் வேறு வேறாக இருக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் என்ன தெரிகிறதோ அதுதான் படம். பிறகு எம் பொத்தானை அழுத்தினால் கிரிட்டாவில் படம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும். அதுவரை தெரியாத சாய்வெல்லாம் அப்போது பல்லை இளிக்கும். கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகள் போனில் ஐபிஸ் பெயின்ட்டில் விரலால் வரைகிறார்கள். சின்னத் திரையாச்சே என்று நான் தயங்கினேன். கடைசியில் கட்டமைப்பு அவர்களுக்குத்தான் சீக்கிரம் பிடிபட்டது. முழுப் படமும் எப்போதும் உள்ளங்கையில் இருக்கிறதல்லவா. 1899இலேயே ஆர்தர் வெஸ்லி டோ என்கிற அமெரிக்க ஆசிரியர், பார்த்து நகல் எடுக்க வைத்துப் பழக்குவதை விட்டுவிட்டுக் கோடு, இருள்-ஒளி, நிறம் ஆகியவற்றை அமைப்பதிலிருந்தே கலைப்பாடத்தைத் தொடங்கச் சொன்னார். நம் ஊர்க் கோர்ஸ்காரர்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது நாலு வார்த்தை தட்டினால் இயந்திரமே படம் போட்டுத் தருகிறது. டிசைன் கடைப் பையன்களுக்கு அடிவயிற்றில் கலக்கம். நானும் தட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் நடுவில் ஒரு முகம், பின்னால் ஒளிவட்டம். டெம்ப்ளேட்டுக்கு அண்ணன். மூஞ்சி மட்டும் மாற்றத் தெரிந்தவன் வேலையை அது பிடுங்கத்தான் போகிறது. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

(ஆபீசில் பணம் எடுக்கும் சீட்டைப் பார்க்கும்போதும் இப்போது இதே புத்திதான். அலுவலக உபயோகத்துக்கு என்று தாராளமாக ஒரு பகுதி. கைநாட்டு வைக்க வந்த பெரியம்மாவுக்கு ஒரு விரல் அகலம். "எங்க சாமி வைக்கிறது?" என்று கேட்கிறார்கள். அதையும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்துதானே அச்சடித்திருக்கிறார்கள்.)

டிசைன் கடைப் பையனை அடுத்த ஏப்ரலுக்கு முன்பே வகுப்புக்கு இழுத்துவந்தேன். வந்தான், சண்டை போட்டான், ஆறு தீப்பெட்டிப் படம் போட்டான். அதில் ஒன்றைப் பேனராக்கினான். இடது ஓரத்தில் அம்பேத்கர் முழு உருவமாக, நீட்டிய விரலோடு. அந்த விரல் காட்டுகிற பக்கமெல்லாம் வெறும் நீலம். வலது கீழே புத்தகப் பையோடு ஒரு சிறுமி, முதுகைக் காட்டி நடந்து போகிறாள். தலைகள் கிடையாது, பெயர்கள் மட்டும் ஒரு வரியில். பையன்கள் கடையில் வந்து குதித்தார்கள். "சதுர அடிக்குக் காசு குடுக்கறோம், பாதியச் சும்மா வுட்டு வச்சிருக்கியே!" பேசிப் பேசிக் கடைசியில் எட்டுத் தலைகளுக்கு ஒத்துக்கொண்டார்கள். எட்டையும் கீழே வரிசையாக அடுக்காமல் சிறுமிக்கு எதிரே, அவள் போகிற திசையில் வைத்தான். அவளுக்காகக் காத்திருக்கிற மாதிரி. எனக்குத் தோன்றாத யோசனை அது.

ஞாயிற்றுக்கிழமையும் கடைக்கு லீவு கிடையாதாம் அவனுக்கு. வகுப்பை ராத்திரி எட்டு மணிக்கு மாற்றியிருக்கிறோம்.