கிணற்றுக்கு ஒரு வழக்கு, வானுக்கு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதுவே. அந்நீர் வேலி அறியாது. ஒருவர் காணியிற் சிந்தியது அயலவர் கிணற்றில் ஊறும்.

சுன்னாகத்தில் அதுவே நேர்ந்தது. எண்ணெய் எரித்து மின் ஆக்கிய தனியார் நிலையத்தின் கழிவு நிலத்தினுள் இறங்கி ஊர்க் கிணறுகளைக் கெடுத்தது. 2015இல் இதனை அடிப்படை உரிமை வழக்காக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் சுற்றாடல் மற்றும் இயற்கைக் கற்கைகள் நிலையத்தைச் சேர்ந்த ரவீந்திர காரியவசம். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியின்படி, அந்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரல் 4ஆம் நாள் தீர்ப்பாயிற்று. போரின் வடு ஆறாத நாட்டில், தமிழர் கிணற்றுக்காகத் தென்னிலங்கையர் ஒருவர் வழக்காடினார். அதனை நாம் போதிய அளவு போற்றவில்லை.

எனினும் வழக்கில் வந்தது தீங்கின் ஒரு பாதியே. கழிவு மண்ணில் இறங்கியது; புகை வானில் ஏறியது. உலகெங்கும் அவ்வாறு ஏறிய புகை வெப்பத்தைத் தேக்க, கடல் உயர்கிறது. உயரும் கடல் இதே கிணறுகளை உவராக்க வல்லது. இத்தீங்குக்குப் பிரதிவாதி யார்? எரித்தோர் எண்ணிலர், அந்த மின்னில் விளக்கேற்றிய நாமும் அவருள் அடங்குவோம். சட்டம் தயங்கி நிற்கும் இவ்விடத்தில் அறம் பேசும் அமைப்புகள் முன்வந்தே ஆகவேண்டும்.

அதே 2015இல் அவற்றுள் சமய அமைப்புகள் காலநிலை மாற்றம் பற்றிப் பேசவும் செய்தன. சனவரியில் மடுத் திருத்தலத்துக்கு வந்து சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், யூனில் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலை வெளியிட்டார். ஓகஸ்டில் இஸ்தான்புல்லில் இஸ்லாமிய அறிஞர் பிரகடனம் செய்தனர். நவம்பரில் இந்து சமயத் தலைவர்களும் அறிக்கை விடுத்தனர்.

அச்சொற்கள் நம் ஊர்களில் இன்னும் கடமையாக இறங்கவில்லை. ஆலயப் பரிபாலன சபைகள் வீதிகளுக்குச் சீமெந்து இடுவதை நிறுத்தி, கேணிகளைத் தூர்வாரி, மழையை மண்ணுக்கு விடட்டும். திருவிழாவின் மின்னலங்காரத்தைக் குறைக்கும் துணிவும் அவற்றுக்கு வேண்டும். பங்குச் சபைகளும் பள்ளிவாசல்களும் சனசமூக நிலையங்களும் ஒன்றுகூடி, எண்ணெய் எரிக்கும் நிலையம் எதற்கும் அனுமதி வழங்கப்படுமுன், கழிவு எங்கே போகும், புகைக்கு யார் பொறுப்பு என எழுத்தில் விடை கேட்கட்டும்.