எப்ப வரட்டும் என்று ஒரு வார்த்தை

சனிக்கிழமை எங்களுக்குக் கூலி நாள். ஆம்பூரில் என் தம்பி ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்துக் கொடுக்கிறான். இருபத்திரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். பாதிப்பேர் யூனிட்டுக்கு வந்து மெஷினில் தைப்பவர்கள். மீதிப்பேர் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையால் தைப்பவர்கள். யார் எத்தனை ஜோடி, எந்த மாடல், ஜோடிக்கு என்ன கூலி, வாங்கிய அட்வான்ஸில் இந்த வாரம் எவ்வளவு பிடித்தம் என்ற கணக்கெல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கணினியில்தான் இருக்கிறது. கணக்கை ஏற்றி, சீட்டு அடித்து, பணத்தை எண்ணிக் கொடுப்பது என் பொறுப்பு.

அந்தச் சனிக்கிழமை நாலரை மணிக்குக் கடைசி மாடலின் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். அடுப்பில் டீ வைத்துவிட்டு வரலாம் என்று எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் என் கணக்கு இல்லை. புதிய பதிப்பு நிறுவப்படுகிறது, கணினியை அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி. அதன் கீழே நான்கு சதவீதம்.

ஒரு வாரமாகவே அந்த அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. 'இப்போது', 'பிறகு' என்று இரண்டே பொத்தான்கள். 'வேண்டாம்' என்று ஒன்று கிடையாது. வந்த ஒவ்வொரு முறையும் 'பிறகு' என்பதைத்தான் அழுத்தினேன். அந்தப் 'பிறகு' எந்த நாள், எந்த நேரம் என்று முடிவு செய்யும் உரிமை என்னிடம் இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்தரை மணிக்குத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தொரு சதவீதம். பேர்ணாம்பட்டுப் பக்கம் போகிறவர்கள் நாலு பேர். “இன்னாக்கா, இன்னும் ஆவலையா? பஸ்ஸு பூட்டா நடந்துதான் போவணும்” என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? தோராயமாக ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, மீதி திங்கட்கிழமை என்று சொல்லி அனுப்பினேன். அந்த மீதியில்தான் சிலருக்கு வாரக் கடன் தவணை இருந்தது. ஏழே காலுக்குக் கணினி திரும்பி வந்தது. ஏற்றிக்கொண்டிருந்த கடைசி மாடலின் கணக்கு போய்விட்டிருந்தது. பத்து வருஷமாகச் சீட்டு அடித்துக்கொண்டிருந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் புதிய பதிப்புக்கு அடையாளமே தெரியவில்லை. அதை மறுபடி ஓடவைக்க ஆள் வந்து, இரண்டு நாள் ஆகி, அறுநூறு ரூபாய் செலவானது.

எங்கள் யூனிட்டுக்குத் தையல் மெஷின் பார்க்க ஒரு மெக்கானிக் வருவார். ஊசி இறங்கும் இடத்தில் சத்தம் வித்தியாசமாகக் கேட்டாலே இது சீக்கிரம் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிடுவார். ஆனால் உடனே கழற்ற மாட்டார். “ஆர்டர் எப்ப முடியுதுக்கா? எப்ப வரட்டும்?” என்று கேட்டு, நான் சொல்லும் நாளில்தான் வருவார். மெஷின் எங்களுடையது, வேலை எங்களுடையது என்பது அவருக்குத் தெரியும். தோல் பதனிடும் ஷாப்புகளிலும் அப்படித்தான். சாயம் ஏறிக்கொண்டிருக்கும்போது டிரம்மை யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் தோல் திட்டுத் திட்டாகிவிடும். ரிப்பேர் எவ்வளவு அவசரமானாலும் அந்த லாட் இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். இந்த மரியாதையைத்தான் நான் கணினியிடம் எதிர்பார்க்கிறேன்.

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை நான். 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, எங்களுக்குப் பக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் அதில் மாட்டின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். ஆகவே பாதுகாப்புத் திருத்தம் வரட்டும், கட்டாயம் வரட்டும். ஆனால் பூட்டைச் சரிசெய்ய வருகிறவர் பூட்டைச் சரிசெய்துவிட்டுப் போக வேண்டும். அடுப்படியை இடித்து வேறு பக்கம் கட்டிவிட்டு, இதுவும் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லக் கூடாது. திருத்தத்தையும் புதுப் பதிப்பையும் ஒரே வாயில் வழியாக அனுப்பி, 'அப்டேட்' என்ற ஒரே பெயரைச் சூட்டியதில்தான் வீட்டுக்காரர்களின் நம்பிக்கை போனது.

அந்த நம்பிக்கை எப்படிப் போனது என்பதற்கு ஊரறிந்த வரலாறு இருக்கிறது. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு இலவசம் என்றார்கள். 2016 பிப்ரவரியில் அதைப் 'பரிந்துரைக்கப்பட்ட' அப்டேட்டாக மாற்றினார்கள். அப்டேட்டைத் தானாக வர விட்டிருந்தவர்களின் கணினிகளில் அது தானாகவே இறங்கத் தொடங்கியது. அந்த மே மாதம் அறிவிப்புப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறிக்கே அர்த்தம் மாறியது. அதை அழுத்திப் பெட்டியை மூடினால், குறித்த நேரத்தில் நிறுவச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. கதவைச் சாத்துவதை 'உள்ளே வாருங்கள்' என்று எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? கலிபோர்னியாவில் பயண முகவர் தொழில் செய்த டெரி கோல்ட்ஸ்டீன் என்பவர், தான் கேட்காமலே வந்த விண்டோஸ் 10 தன் அலுவலகக் கணினியை முடக்கிவிட்டது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். மேல்முறையீட்டை மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. அந்த வருஷக் கடைசியில், பெருக்கல் குறி விஷயத்தில் எல்லை மீறிவிட்டோம் என்று அந்த நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரே ஒப்புக்கொண்டார். ஜெர்மனியில் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில நுகர்வோர் மையம் வழக்குத் தொடுத்ததன் பிறகு, சம்மதம் இல்லாமல் புதிய இயங்குதளத்தின் கோப்புகளை வன்தட்டில் இறக்க மாட்டோம் என்று 2017-இல் நிறுவனம் எழுதிக் கொடுத்தது.

2018 அக்டோபர்ப் பதிப்பு இன்னும் மோசம். போட்டுக்கொண்ட சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயின. சில நாட்களில் அதை நிறுத்தி, திருத்தி, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டார்கள். அழிந்ததில் ஒரு பிள்ளையின் பிராஜெக்ட் இருந்திருக்கும், ஒரு கல்யாண ஆல்பம் இருந்திருக்கும், என்னைப் போல ஒருத்தியின் கூலிக் கணக்கு இருந்திருக்கும்.

இதில் என்னை ரொம்ப உறுத்துவது வேறொன்று. விண்டோஸ் 10 வந்த நாள் முதலே, அதிக விலையுள்ள 'புரோ' வகையை வாங்கியவர்கள் புதிய பதிப்புகளைத் தள்ளிப்போட முடிந்தது. வீட்டுக்கான 'ஹோம்' வகையை வாங்கியவர்களுக்கு அப்டேட்டைச் சில நாள் நிறுத்திவைக்கும் பொத்தான் 2019 மே மாதப் பதிப்பில்தான் கிடைத்தது. அதுவும் ஏழு ஏழு நாளாக, மொத்தம் முப்பத்தைந்து நாள்தான். பெரிய கம்பெனிகளில் கணினி பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இருக்கிறார். புதிய பதிப்பை ஒரு ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு அவர் எல்லா மேசைக்கும் அனுப்புவார். அப்படி யாரும் இல்லாத வீட்டுக்குத்தான் தேர்ந்தெடுக்கும் உரிமையும் குறைவு. கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பிக் கணினி ஓடும் வீடுகள் எங்கள் பகுதியில் நிறைய. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று பேக் போட்டிருக்கும் வீட்டில் பல ஜிபி புதுப் பதிப்பு இறங்கத் தொடங்கினால், அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் கிடையாது.

தமிழில் சீட்டு அடிக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. விண்டோஸ் 7 காலத்தில் லதா எழுத்துரு கணினியோடு வந்தது. எங்கள் பக்கத்தில் டிடிபி கடை முதல் பள்ளிக்கூட நோட்டீஸ் வரை லதாதான். விண்டோஸ் 10-இல் லதாவைக் கூடுதல் தொகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். புதுக் கணினியில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தாலோ, அந்தத் தொகுப்பைத் தேடிப் போட்டாலோதான் வரும். தெரியாதவர்களுக்கு எழுத்து மாறி, வரி நீண்டு, ஒரு பக்கத்தில் அடங்கியது இரண்டு பக்கமாகும். சின்ன விஷயம்தான். ஆனால் இருபத்திரண்டு பேருக்குச் சீட்டு அடித்துப் பார்த்தால்தான் அதன் அளவு தெரியும்.

தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளையும் நினைத்துப் பார்க்கிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. முதல் தவணைக்கு அரசு நிறுவனமான எல்காட் கோரிய டெண்டரே 9 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்கு. அவற்றில் விண்டோஸ் 7-இன் சின்ன வகையும், சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே இருந்தன. ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்த எத்தனையோ அம்மாக்களின் வீட்டுக்கு முதன்முதலில் வந்த கணினி அதுதான். 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7-க்கான திருத்தங்கள் நின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கும் நின்றன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினியென்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது இருக்க வேண்டும். 2016-இல் நாற்பதாயிரம் கொடுத்து வாங்கி இன்றும் நன்றாக ஓடுகிற கணினிக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. ஒரு பக்கம் வேண்டாம் என்றவர்களுக்குத் திணிக்கிறார்கள். இன்னொரு பக்கம் வேண்டும் என்பவர்களிடம் உன் கணினி தகுதியில்லை என்கிறார்கள். இரண்டிலும் வாங்கியவரின் சொல்லுக்கு இடமில்லை.

அப்படிக் கழித்துக்கட்டிய கணினிகள் எங்கே போகும்? காயலான் கடைக்குத்தான். தோல் ஷாப்புக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதை நாங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது போனது. ஓடுகிற பொருளைக் குப்பையாக்கும் முடிவு எங்கோ எடுக்கப்பட்டு, குப்பை மட்டும் நம் ஊர் மண்ணில் வந்து சேர்வதை இந்த வட்டாரத்துக்காரர்கள் இன்னொரு முறை ஏற்க வேண்டியதில்லை.

பேசினால் கேட்பார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தம் தருகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னபோது ஒரு நிபந்தனை வைத்தது. கணினியின் அமைப்புகளை அவர்களுடைய கணக்கில் ஏற்றிவைக்க வேண்டும். இல்லையென்றால் 30 டாலரோ, அவர்கள் தரும் பரிசுப் புள்ளிகளில் ஆயிரமோ கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் வற்புறுத்தியதும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் ஏற்றிவைக்கும் நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆம்பூரில் இருக்கிறவருக்கு எடுக்கவில்லை. அங்கே கேட்டார்கள், இங்கே யாரும் கேட்கவில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேட்க நம்மிடமும் ஒரு கருவி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, திரையில் மக்களை ஏமாற்றியும் நெருக்கியும் சம்மதம் வாங்கும் உத்திகளைத் தடுக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 'டார்க் பேட்டர்ன்' என்று அந்த உத்திகளுக்குப் பெயர். பதின்மூன்று வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப நச்சரிப்பது அதில் ஒன்று. வேண்டாததைச் செய்யக் கட்டாயப்படுத்துவது இன்னொன்று. இணைய வணிகத்தை மனத்தில் வைத்து எழுதியதாக இருக்கலாம். 'வேண்டாம்' என்ற பொத்தானே இல்லாத அறிவிப்புப் பெட்டிக்கும் அது பொருந்த வேண்டும் என்பது என் வாதம். ஆணையம் அதைத் தெளிவாக எழுதிச் சேர்க்கட்டும். பாதுகாப்புத் திருத்தம் தனியாகவும் புதுப் பதிப்பு தனியாகவும் வர வேண்டும், புதுப் பதிப்புக்கு 'வேண்டாம்' என்ற பொத்தான் இருக்க வேண்டும், நேரத்தை வீட்டுக்காரர் குறிக்க வேண்டும். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

அந்த வாரத்தின் மீதிக் கூலியை நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் கொடுத்து முடித்தேன். அடுத்த வாரம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிந்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் சும்மா இருக்காதீர்கள். திரையைக் கைபேசியில் படம் எடுங்கள், நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், கூப்பிடுங்கள். எண் 1915. தமிழிலேயே பேசலாம்.