ஆமணக்கு நைலானும் இலைப்பட முத்திரையும்

முப்பரிமாண அச்சுக்கான பி.எல்.ஏ. (பாலிலாக்டிக் அமிலம்) இழைச்சுருளை வாங்கினால் பெட்டியில் பெரும்பாலும் ஒரு பச்சை இலை இருக்கும். பக்கத்திலேயே ‘மக்கும்’ என்று எழுதியிருக்கும். இலை சரிதான். மக்காச்சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ நொதிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதிலிருந்து எடுப்பதுதான் அந்தப் பாலிமர். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மக்காச்சோளத்திலிருந்தும் தாய்லாந்தின் ரயோங்கில் கரும்பிலிருந்தும் பல்லாயிரம் டன் கணக்கில் அது தயாராகிறது. சிக்கல் ‘மக்கும்’ என்பதில். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் சூட்டையும் ஈரத்தையும் வாரக்கணக்கில் விடாமல் வைத்திருக்கும் உர ஆலைக்குள் போனால் அது மக்கும். கொல்லையில் புதைத்தாலோ கடலில் விழுந்தாலோ வருடக்கணக்கில் கிடக்கும். சான்றிதழ்கூட சோதித்த தடிமனுக்கு மட்டுமே செல்லும். மெல்லிய பைக்குத் தந்த சான்றை, சாயமும் கார்பன் இழையும் கலந்து அரை அங்குலத் தடிமனில் அச்சிட்ட பொருளுக்கும் நீட்டுவது ஏமாற்று வேலை.

இந்த இலைப்படத்தை வைத்துத் தாவரப் பாலிமர்களை எடைபோடுவதை நிறுத்தினால்தான் அவற்றின் உண்மையான மதிப்பு தெரியும் என்பது என் கட்சி.

பி.எல்.ஏ. ஜெயித்த விதத்தையே பாருங்கள். உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறைக்கு அமெரிக்கரான ஸ்காட் கிரம்ப் 1989-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது 2009-ல் காலாவதியானதும், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-ல் தொடங்கியிருந்த ரெப்ராப் திட்டத்தின் வழிவந்த மேசை இயந்திரங்கள் உலகெங்கும் பரவின. தொழிற்கூடங்களில் அதுவரை பெரிதும் ஓடிய ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். மூலைகள் தட்டிலிருந்து பெயர்ந்து மேலே வளையும். ஸ்டைரீன் நெடி வேறு. சூட்டைக் காக்கும் அடைப்பு இல்லாத மேசை இயந்திரத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பி.எல்.ஏ. மிகக் குறைவாகவே சுருங்கும், சொன்ன வடிவில் நிற்கும். கல்லூரி ஆய்வகமும் பயிற்சிக் கூடமும் அதை வரித்துக்கொண்டது இதற்காகத்தான். அதன் பலவீனமும் பொறியியல் சார்ந்ததே: 60 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும். அதில் செய்த போன் தாங்கியை மே மாதத்து வேலூர் வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஆமணக்கிலிருந்து வரும் நைலான் 11 இதற்கு நேரெதிர். இது மக்காது, மக்காததுதான் இதன் பெருமை. ஆமணக்கெண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலியிக் அமிலம். வேறெந்தப் பெரிய எண்ணெய் வித்திலும் அது இந்த அளவில் இல்லை. எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியவைத்து, கடும் சூட்டில் உடைத்தால் பதினொரு கார்பன் கொண்ட துண்டு ஒன்று பிரியும் (உடன் பிரியும் இன்னொரு துண்டு வாசனைத் திரவியத் தொழிலுக்குப் போகிறது). அந்தப் பதினொரு கார்பன் துண்டிலிருந்துதான் நைலான் 11. பிரான்சில் 1950களிலிருந்தே இதைத் தயாரிக்கிறார்கள். லாரிகளின் ஏர்பிரேக் குழாய்களில் வெகுகாலமாக ஓடுகிறது. இன்று அதையே நுண்தூளாக்கி, லேசர் கொண்டு அடுக்கடுக்காக உருக்கிச் சேர்க்கிறார்கள். பெட்ரோலிய வழி வரும் நைலான் 12 தூளில் செய்த பாகம் சட்டென்று முறியும் இடத்தில் இது வளைந்து நீண்டு தாங்கும். செயற்கைக் காலின் குழிப்பகுதிக்கும் விமானத்தின் காற்றுக் குழாய்க்கும் இதைத் தேடுவது அதனால்தான். செடி காற்றிலிருந்து எடுத்த கார்பன் பத்து, இருபது ஆண்டுகள் உழைக்கும் ஒரு பாகத்துக்குள் அடைபட்டிருப்பது, ஆறு மாதத்தில் மக்கிக் காற்றோடு போவதைவிட நல்லதல்லவா? ஆனால், தூள் படுக்கையை உருகுநிலைக்குச் சற்றுக் கீழே மணிக்கணக்கில் வைத்திருக்கும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் அந்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

உலகில் விளையும் ஆமணக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தியாவுடையது. அதிலும் பெரும்பகுதி குஜராத்துடையது. எண்ணெயைப் பிழிந்து கப்பலேற்றுவதோடு நம் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. பிரான்சின் அர்கெமா நிறுவனம் நைலான் 11-க்கான புதிய ஆலையை 2022-ல் இயக்கத் தொடங்கியது சிங்கப்பூரின் ஜூரோங் தீவில். எண்ணெயாகப் போனது எத்தனையோ மடங்கு விலையில் தூளாகத் திரும்பி வருகிறது. முப்பரிமாண அச்சில் உலகச் சந்தையின் 5 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட உத்தி சொன்னது. அதன் பெயரால் நடக்கும் விழாக்களில் இயந்திரங்களுக்குத்தான் மாலை விழுகிறது. இயந்திரத்தின் வாயில் போடும் பொருளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பி.எல்.ஏ.வில் மட்டும் ஓர் அசைவு தெரிகிறது. உத்தரப் பிரதேசத்தின் கும்பியில் பல்ராம்பூர் சர்க்கரை நிறுவனம் ஆண்டுக்கு 75,000 டன்னுக்கு மேல் கொள்ளளவுள்ள ஆலையை அறிவித்தது. சர்க்கரையும் சக்கையிலிருந்து மின்சாரமும் பக்கத்திலேயே கிடைப்பது அதன் பலம்.

தமிழ்நாட்டுக்கு இதில் வேலை உண்டா? சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே இயங்குகிறது. ஒன்று பி.எல்.ஏ.வுக்கான மாவுச்சத்து, மற்றது நைலான் 11-க்கான எண்ணெய். இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தும், அங்கே பேச்சு விளைச்சலோடு நின்றுவிடுகிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர்கள் மாவுச்சத்துப் பாயின்ட் கணக்கில் விலை பேசும் மரவள்ளிக் கிழங்கை லாக்டிக் அமிலத்துக்குத் திருப்பலாமே என்ற யோசனை கவர்ச்சியானது. அவசரப்பட வேண்டாம் என்பேன். கிழங்கு தோண்டிய சில நாளில் கெட்டுவிடும், வரத்து பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும், ஆலைகளோ சிதறிக் கிடக்கின்றன. கும்பி அளவிலான ஆலைக்கு அன்றாடம் தீனி போட அவற்றால் ஆகாது. ஆமணக்கில் அந்தத் தொல்லை இல்லை. நம் பக்கம் அது மஞ்சள், நிலக்கடலை வயல்களின் ஓரப்பயிர்தான் என்றாலும், எண்ணெய் நாட்டுக்குள்ளேயே டன் கணக்கில் கிடைக்கிறது, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. நைலானைத் தயாரிக்கும் பெரிய ஆலைக்குக் காத்திராமல், வாங்கிய நைலானை அரைத்துத் தூளாக்கி, சலித்து, உள்ளூர் செயற்கைக் கால் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்க்கும் கூடம் ஒன்றைச் சேலத்திலோ கோவையிலோ இப்போதே தொடங்கலாம்.